கேட்டுக்கு உள்ளே யார் பேச்சைக் கேட்பது?

எங்கள் வீட்டு டே கேரில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அப்பா அம்மாக்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும்,

வணக்கம். வாட்ஸாப் குழுவில் இரண்டு வரி போட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே போட்டால் நாலு பேர் கட்டைவிரலைக் காட்டுவீர்கள், ஒருவர் "சாரிக்கா, இனிமே பாத்துக்கறோம்" என்பார், மறுநாள் காலை அதே கதைதான். அதனால் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றரை வயதுப் பையன். பகல் முழுக்க என்னோடுதான் இருந்தான். தயிர்சாதத்தைத் தானே அள்ளிச் சாப்பிட்டான், தட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டான், தூங்கி எழுந்ததும் பாயைச் சுருட்ட வந்தான் (சுருட்டியது என்னவோ நான்தான்). ஆறரைக்கு அவன் அம்மா காதில் ஹெட்செட்டோடு வந்தார். ஆபீஸ் பேச்சு முடியவில்லை. ஒரு விரலைத் தூக்கி "ஒரு நிமிஷம்" என்று சைகை காட்டினார்.

அந்த ஒரு நிமிஷத்தில் பையன் வேறு ஆளாகிவிட்டான். ஸ்டாண்டில் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசலில் வீசினான். பக்கத்தில் நின்ற சின்னவளின் தண்ணி பாட்டிலைப் பிடுங்கினான். அவள் வீறிட்டாள். "டேய், வேணாம்டா" என்று அம்மா சொன்னார், போனில் இருப்பவருக்குக் கேட்காத குரலில். நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார். பெற்றவள் எதிரில் பிள்ளையை அதட்டினால் நன்றாக இருக்குமா என்று எனக்குத் தயக்கம். இது அக்கா வீடு, அக்கா சொல்லுவார் என்று அவருக்கு. இப்படி இரண்டு பேரும் முகத்தை முகம் பார்த்து நின்றதில், திறந்து கிடந்த கேட் வழியாக அவன் தெருவுக்கு ஓடிவிட்டான். கோடைக்காலத்து வேளச்சேரித் தெரு எப்படி என்று உங்களுக்கே தெரியும், தண்ணி லாரி போகாத நேரம் கிடையாது. எதிர்ப்பக்கம் இஸ்திரி போடும் அண்ணன் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பாய்ந்து தூக்கினார். லாரி எவ்வளவு கிட்டத்தில் நின்றது என்று எழுத மனம் வரவில்லை.

கேட்டைச் சாத்தாதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட் மட்டும் காரணம் இல்லை.

"பகல்ல சமத்தா இருக்கான்னு சொல்றீங்க, எங்களைப் பாத்தா மட்டும் ஏங்க்கா இப்படி ஆடுறான்?" உங்களில் கேட்காதவர்கள் கிடையாது. சிலருக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம்: நான் பகலில் மிரட்டி வைக்கிறேனோ என்று. இன்னும் சிலருக்கு, பிள்ளைக்குத் தன்னைவிட என்னைத்தான் பிடிக்கிறதோ என்று. இரண்டும் இல்லை. பத்து மணி நேரம் எட்டுப் பிள்ளைகளோடு பொம்மையைப் பங்கு போட்டு, முறை வரும்வரை காத்திருந்து, அழுகையை அடக்கி வைத்திருந்த பிள்ளை, தன் ஆளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டுகிறது. நீங்கள் ஆபீஸில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து புருஷனிடம் எரிந்து விழுவதில்லையா? அதுதான். மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற உளவியலாளரைப் பற்றிப் பயிற்சி வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வயதுக் குழந்தையை விட்டுவிட்டு அம்மாவை மூன்று நிமிஷம் வெளியே அனுப்பி, பிறகு வரச்சொல்லிப் பார்த்தவர் அவர். அம்மா போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதைத்தான் அவர் முக்கியமாகக் கவனித்தாராம். மூன்று நிமிஷத்துக்கே அப்படியென்றால் பத்து மணி நேரத்துக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது விஷயம்தான் இந்த மடலுக்கே காரணம். வாசலில் நாம் இரண்டு பேரும் நிற்கும்போது, இப்போது யார் பேச்சைக் கேட்கவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. அத்தை வீட்டுச் சட்டமா (பிள்ளைகளுக்கு நான் அத்தை), அம்மா வீட்டுச் சட்டமா? தெரிந்துகொள்ள அதற்கு ஒரே வழி, செருப்பை வீசிப் பார்ப்பது. வீசிவிட்டு நம் இரண்டு பேர் முகத்தையும் பார்க்கும், கவனித்திருக்கிறீர்களா? நாம் சிரித்து மழுப்பினால் இன்னொரு செருப்பு.

காலையில் இதே குழப்பம் வேறு மாதிரி வருகிறது. பிள்ளை அந்தப் பக்கம் திரும்பியதும் நைசாக நழுவி ஓடுகிறவர்கள் இருக்கிறீர்கள். அழுகை உங்கள் காதில் விழாது, அவ்வளவுதான். அந்தப் பிள்ளை அன்று முழுக்கக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். மறுநாள் உங்கள் துப்பட்டாவை விடாது. "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பெருங்குடிக்கோ சோழிங்கநல்லூருக்கோ கிளம்புகிறீர்கள். அப்புறம் "உள்ள போகலன்னா அத்தை அடிப்பாங்க". இதைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும். அடிப்பவள் என்று சொல்லி ஒப்படைத்த கையில்தான் அந்தப் பிள்ளை அடுத்த நிமிஷம் அழுதுகொண்டு வந்து ஏற வேண்டும்.

நன்றாகச் செய்கிற ஒருவரையும் சொல்லவேண்டும். ஒரு தாத்தா, டிவிஎஸ் எக்ஸெல்லில் பேத்தியை முன்னால் நிறுத்திக்கொண்டு வருவார். வண்டியை நிறுத்தி, பையை அவள் கையிலேயே கொடுப்பார். குனிந்து, "தாத்தா சாயங்காலம் பால் குடிச்சப்புறம் வருவேன்" என்பார். அவளுக்குக் கடிகாரம் தெரியாது, பால் தெரியும். மூன்று டாட்டா, எண்ணி மூன்றே மூன்று. அப்புறம் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். முதல் வாரம் அவளும் தொண்டை கிழியத்தான் அழுதாள். இப்போது அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் தெருமுனை தாண்டியிருப்பார்.

போன வருஷம் நானும் சொதப்பியிருக்கிறேன். இன்னொரு பிள்ளையைக் கடித்த குட்டியை அவள் அம்மா எதிரிலேயே, நாலு பேர் பார்க்க, சத்தமாகத் திட்டிவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கண் மட்டும் கலங்கியது. மூன்று நாள் பாட்டிதான் வந்து விட்டுப்போனார். அதற்குப் பிறகுதான் பெற்றவர் எதிரில் வாயே திறப்பதில்லை என்று முடிவெடுத்தேன். செவ்வாய்க்கிழமை அதுவும் தப்பு என்று தெரிந்துவிட்டது.

ஆகவே இனி இப்படி. கேட்டுக்கு உள்ளே வந்துவிட்டால், நீங்கள் பக்கத்தில் நின்றாலும் சரி, என் பேச்சுதான். செருப்பை வீசினால் நான் கையைப் பிடித்து நிறுத்துவேன், எடுத்து வைக்கச் சொல்வேன். அடிக்கமாட்டேன், "கெட்ட பையன்" என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் "பாவம், சின்னப் பிள்ளைதானேக்கா" என்றோ "நல்லா நாலு போடுங்க" என்றோ குறுக்கே வராதீர்கள். என்னிடம் மன்னிப்பும் கேட்கவேண்டாம். பேசாமல் நில்லுங்கள், போதும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டால் உங்கள் ராஜ்ஜியம். வண்டியில் ஏறமாட்டேன் என்று தெருவில் புரண்டாலும் நான் வந்து யோசனை சொல்லமாட்டேன்.

அன்றைய சேட்டைப் பட்டியலை வாசலில் கேட்காதீர்கள். பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். இரவு எட்டரைக்கு மேல் போன் செய்யுங்கள், சொல்கிறேன். அதேபோல் ராத்திரி காய்ச்சல் அடித்தது, வீட்டில் சண்டை, அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், இதெல்லாம் காலையில் ஒரு வரி எனக்குத் தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளையை நான் பார்க்கிற பார்வையே வேறு. திங்கட்கிழமைகளில் எப்படியும் ஒரு சுற்று அழுகை உண்டு, அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

உங்கள் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம். உங்கள் ஆபீஸில் இருக்கிறதா என்று கேட்டால் நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்கு வருமானம் போனாலும் பரவாயில்லை, எச்ஆரிடம் ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

கேட்டுக்கு மேல்பக்கம், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், புதுத் தாழ்ப்பாள் ஒன்று போட்டிருக்கிறேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், தூக்கித் தள்ளவேண்டும். இரண்டு கை வேண்டும் அதற்கு. சாயங்காலம் வரும்போது போனைப் பைக்குள் போட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அத்தை