தமிழ்க் கதைப்புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். ஆனால் பஸ் பலகையும் ரேஷன் கடை அறிவிப்பும் சுவரொட்டியும் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கின்றன. பாடநூலுக்கு வெளியே அச்சடித்த தமிழைக் காண்பதே அரிதாகிவிட்ட இவர்களுக்குக் கதைப்புத்தகம் மிகமிகத் தேவை.

மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'கிணற்றுக்குள்' என்ற சொல்லை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி, ஒருவழியாக வரியை முடித்தாள். கிணற்றுக்குள் என்ன விழுந்தது என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. கவனமெல்லாம் எழுத்துக் கூட்டுவதிலேயே செலவாகியிருந்தது. மறுநாள், பக்கத்துக்கு ஒரு வரியும் பெரிய படமுமாக, ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும் சிறு கதையொன்றைக் கொடுத்தேன். நான்காம் பக்கத்தில் நான் வாய் திறக்கும் முன்பே வாசித்து முடித்து, அடுத்த பக்கத்தைத் தானே புரட்டினாள்.

ஏறத்தாழ ஒரே நிலையிலுள்ள நான்கைந்து பிள்ளைகள் ஆசிரியரைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பிரதியை மெல்லிய குரலில் வாசிக்க, ஆசிரியர் ஒவ்வொருவராகக் காதுகொடுத்துக் கேட்பதற்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். பிள்ளை தடுமாறினால் உடனே சொல்லிக்கொடுத்துவிடாமல், சொல்லை மறுபடி கூட்டச் செய்து, வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று கேட்க வேண்டும். ஒலிக்கு ஒலி தனி எழுத்துள்ள மலையாளமும் படிக்கும் எங்கள் பிள்ளைகள் 'கங்கை' என்பதில் வரும் இரண்டு 'க'வையும் எப்படி ஒலிப்பது என்று திகைப்பதை இப்படி அருகிலிருந்து கேட்டால்தான் அறிய முடியும். நூறு சொல்லுக்கு ஐந்துக்கு மேல் தடுமாறாத புத்தகத்தைப் பிள்ளை தனியே வாசிக்கலாம். பத்துவரை தடுமாறினால் ஆசிரியர் துணை வேண்டும். அதற்கும் மேலென்றால் ஆசிரியரே வாசித்துக் காட்டுவது நல்லது. தனியே வாசிக்கும் புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். வாசித்து முடித்ததும் கேள்வித்தாளை நீட்டாதீர்கள்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கிழிந்துவிடும் என்று கதைப்புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். இரண்டாண்டு கேட்டுக் கேட்டுத் திறந்தபோது பாதியைக் கரையான் அரித்திருந்தது. பிள்ளைகள் கைபட்டுக் கிழிந்திருந்தால் எனக்கு இத்தனை வேதனை இருந்திருக்காது.

மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறப் போதிய வசதி செய்துதர அரசியலமைப்பின் 350-அ பிரிவு வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நிலைவாரியாகச் சிறு நூல்களை வெளியிட்டது. இரு மாநிலக் கல்வித் துறைகளும் பேசி, அவற்றை எல்லையோரத் தமிழ்ப் பள்ளிகளுக்கும், ஒரே தலைப்பில் ஐந்தாறு பிரதிகளாக, கிடைக்கச் செய்ய வேண்டும். பி. என். பணிக்கர் 1945-இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தால் கேரளத்தின் கிராமங்கள்தோறும் வாயனசாலைகள் எனப்படும் ஊர் நூலகங்கள் வளர்ந்தன. அவர் நினைவாக வாசிப்பு நாள் கொண்டாடப்படும் ஜூன் 19-க்குள், தமிழர் வாழும் ஊர்களின் வாயனசாலைகளில், சிறுவர் கைக்கு எட்டும் உயரத்தில், தமிழ்க் கதைப்புத்தகங்களுக்கென ஒரு தட்டாவது ஒதுக்கித் தருமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை.