காரணம் என்னும் கட்டம்

தருமபுரி
செப்டம்பர், ஞாயிறு இரவு

அன்புள்ள மாது,

உன் கடிதம் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. பதில் தள்ளிப்போனதற்குக் கடைதான் காரணம். உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடுகிற சமயம் இது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி வரை ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறுவதில்லை. இன்று மதியத்தோடு பூட்டிவிட்டு வந்தேன்.

முதலில் அம்மா சேதி. போன வாரம் காரிமங்கலம் போனபோது உங்கள் வீட்டில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் களி கிண்டுகிற துடுப்பை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். எனக்கும் ஒரு உருண்டை போட்டு, கீரைக் கடைசலை மேலே ஊற்றி, "அவன் அங்க என்னத்தைத் திங்கிறானோ" என்று வழக்கமான புலம்பல். புதுப் புளி கொட்டை எடுத்து உனக்கென்று ஒரு பானையில் தனியாக வைத்திருக்கிறார்கள்.

உன் பெரிய மாமாவும் அங்கே இருந்தார். உன் பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். அம்மா பெருமையாக, "கம்யூனிட்டி காலேஜ்" என்றார்கள். மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "சமுதாயக் கல்லூரியா? அதுக்கா அமெரிக்கா? இங்கேயே ஆறு மாசத்துல தையலும் செல்போன் ரிப்பேரும் சொல்லிக் குடுக்கிறாங்களே!"

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, நம் பக்கத்தில் அந்தப் பெயருக்கு அதுதானே அர்த்தம். பிறகு உன் கடிதத்தில் படித்ததை வைத்து எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். கலிஃபோர்னியாவில் மட்டும் அப்படி 116 கல்லூரிகள், இரண்டு வருடத்தில் 60 யூனிட் முடித்தால் பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் போய்ச் சேரலாம், பட்டத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும், முதல் இரண்டு வருடம் எங்கே படித்தான் என்று யாரும் அச்சடிக்க மாட்டார்கள் என்றெல்லாம் சொன்னேன். மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்ப, மொதல்லயே எடம் கெடைக்க மார்க் பத்தலையா?"

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. நீயும் மூன்று பக்கம் இதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாய், மாது. ஃபீஸ் மிச்சம், வீட்டிலிருந்தே போய் வருகிறான், வகுப்பில் கூட்டம் குறைவு என்று ஒவ்வொன்றாக எனக்குக் கணக்குக் காட்டுகிறாய். நான் கணக்கே கேட்கவில்லையே.

என்னை அசத்தியது வேறு ஒன்று. அசிஸ்ட் என்ற தளத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அன்றே கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். உங்கள் மாநிலத்துக் கம்யூனிட்டி கல்லூரியின் பெயரைப் போட்டு, போக நினைக்கிற அரசுப் பல்கலைக்கழகத்தையும் பாடத்தையும் போட்டால், இங்கே படிக்கிற எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று இரண்டு பத்தியாக எதிரெதிரே வந்து நிற்கிறது. ஒரு பிள்ளை கால்குலஸ் வகுப்பில் பெயர் கொடுக்கும் முன்பே அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தெரிந்துகொள்ளலாம். வருடத்துக்கு எத்தனையோ விண்ணப்பம் நிரப்பித் தருகிறவன் நான். இப்படி ஒரு பக்கத்தை எங்கேயும் பார்த்ததில்லை. கடையை மூடும் நேரம் தாண்டியும் வேண்டுமென்றே வேறு வேறு கல்லூரியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். "பெரியவள் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் வந்துவிட்டாளா?" என்று என் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். வரவில்லை. மார்ச்சிலேயே விட்டுவிட்டாள். போன இரண்டு கடிதத்திலும் உன்னிடம் மறைத்தேன். "நன்றாகப் படிக்கிறாள்" என்று எழுதினேன் பார், அது பொய் இல்லை. எங்கே, என்ன என்றுதான் எழுதவில்லை.

கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைத்தது, சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. மொரப்பூரில் ரயில் ஏற்றிவிட்டு வரும்போது நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. முதல் செமஸ்டரில் கணக்கில் மட்டும் நல்ல கிரேடு, மற்றவற்றில் தட்டுத் தடுமாறித் தேறியிருந்தாள். பொங்கலுக்கு வந்தவள், "அப்பா, எனக்கு அந்தக் கணக்கு மட்டும் போதும்" என்றாள். ஹாஸ்டல் பிடிக்கவில்லையோ, யாராவது ஏதாவது சொன்னார்களோ என்று நானும் அவள் அம்மாவும் ஒரு மாதம் துருவித் துருவிக் கேட்டோம். ஒன்றும் இல்லை. நிஜமாகவே கணக்குதான்.

கல்லூரி மாற்றம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இங்கே முதல்வர், அங்கே முதல்வர், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம், பல்கலைக்கழகம் என்று கையெழுத்துகள் வரிசையாக விழ வேண்டும், போகிற இடத்தில் அதே பிரிவில் காலி இடமும் இருக்க வேண்டும். ஆனால் அதெல்லாம் பொறியியலிலிருந்து பொறியியலுக்கு. இவள் கேட்டது பி.எஸ்சி. கணிதம். அதற்குப் படிவமே கிடையாது. விட்டுவிட்டு வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

விடுவதும் லேசில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. டி.சி. கேட்டால், மீதி மூன்று வருட ஃபீஸையும் கட்டு என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் அசலும் அவர்களிடம்தான் இருந்தது. 2018 அக்டோபரில் யூ.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழு போட்ட அறிவிப்பு ஒன்று இருக்கிறது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுப் பணமும் திரும்ப வரும், அதற்குப் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று குறையும், கடைசி நாள் கழிந்து 30 நாள் தாண்டிவிட்டால் ஒரு ரூபாயும் வராது. அதனால் பணத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆனால் அதே அறிவிப்பில், மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அதை நான்கு காப்பி எடுத்துக்கொண்டு போனேன். அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியைக்கூடப் போடாமல், "இது யூ.ஜி.சி. சார், நாங்க ஏ.ஐ.சி.டி.இ." என்றார். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யும் அதையேதான் சொல்கிறது என்று அடுத்த முறை அதையும் அச்செடுத்துக்கொண்டு போனேன். மூன்று நடை. கடைசியில் 25,000 ரூபாயில் முடிந்தது. எதற்கு என்று ரசீதில் இல்லை. சண்டை போட்டிருக்கலாம்தான். மே மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது, மாது.

இதில் எனக்கு உறுத்துவது அந்தப் பணம் இல்லை. டி.சி. விண்ணப்பத்தில் 'விலகுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம், ஒரே ஒரு வரி. என் கடையில் எத்தனை பிள்ளைகளுக்கு அதை நிரப்பியிருக்கிறேன். கேட்கக்கூட மாட்டேன், கை தானாகவே 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதிவிடும். யாரும் மறு கேள்வி கேட்காத பதில் அது. இவள் பேனாவை வாங்கி, 'கணிதம் படிக்க விரும்புகிறேன்' என்று எழுதினாள். கவுன்டரில் இருந்த அம்மா படித்துவிட்டு, "இப்படி எழுதினா மேல கேள்வி கேப்பாங்க சார், மாத்திக் குடுங்க" என்று புதுப் படிவம் நீட்டினார். நான் மாற்றினேன். என் கையெழுத்தில், குடும்பச் சூழ்நிலை. மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். காரிமங்கலம் தாண்டி பஸ் ஊருக்குள் நுழைகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் பேசவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, 2015இல் என் தங்கை மகனை லேட்டரல் கவுன்சலிங்குக்குக் கூட்டிப்போனேனே? அப்போது அது காரைக்குடி அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் நடந்தது. இரவெல்லாம் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். பாலிடெக்னிக் முடித்தவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். நம் ஊரில் பாதி வழியில் ஏறிக்கொள்ள அரசாங்கமே போட்ட படிக்கட்டு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பர்கூர் அரசுக் கல்லூரி கிடைத்தது. முதல் வருடக் கணக்கு படிக்காமல் நேரே மூன்றாம் செமஸ்டர் கணக்கில் போய் விழுந்தான், திணறினான். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் மற்றவர்கள் இவனைத்தான் தேடி வருவார்களாம். இவன் அவர்களிடம் கணக்குக் கற்றுக்கொண்டான், அவர்கள் இவனிடம் மெஷினைக் கற்றுக்கொண்டார்கள். அப்படியும் கடைசி வருடம் வரை வகுப்பில் அவனுக்குப் பெயர் 'லேட்டரல்'. இப்போது ஓசூரில் நல்ல வேலையில் இருக்கிறான். கல்யாணத்துக்கு வந்த நண்பர்கள் மேடையிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கை கொடுத்தான், எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

மகள் கதைக்கு வருகிறேன். மே மாதம் அரசுக் கலைக் கல்லூரிக்கு என் கடையிலேயே விண்ணப்பம் போட்டோம், 50 ரூபாய். தருமபுரியிலேயே கிடைத்துவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்துக் கணக்குத் தாளில் வாங்கிய கிரேடுக்கு ஏதாவது மதிப்பு உண்டா என்று சேர்க்கை அன்று கேட்டுப் பார்த்தேன். படித்து முடித்த பாடங்களின் மதிப்பைச் சேர்த்து வைக்கிற கிரெடிட் வங்கி என்று 2021இலிருந்து ஒன்று இருக்கிறதே, அதற்கு எண் எடுக்கத்தான் பிள்ளைகள் என் கடைக்கு வரிசையில் வந்து நிற்கிறார்கள். இவளுக்கும் எண் இருக்கிறது. "அதெல்லாம் இருக்கட்டும் சார், ஃபர்ஸ்ட் இயர்லேர்ந்து படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனிதர்கள்தான்.

இப்போது காலையில் டவுன் பஸ்ஸில் போய் மதியம் வந்துவிடுகிறாள். பழைய வகுப்புத் தோழிகள் இரண்டாம் வருடத்துப் படங்களை அனுப்பும்போது கொஞ்சம் முகம் வாடும். பிறகு நோட்டை எடுத்துக்கொள்வாள். பி.எஸ்சி. முடித்தவர்கள் லேட்டரலில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. அதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "மூணு வருசம் சுத்திட்டு அதே வாசல்ல போய் நிக்கவாப்பா?"

அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறோம் என்கிறாயா? அவள் அம்மா, 'உடம்புக்கு ஒத்துக்கல' என்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. உன் பையனைப் பற்றி நீ ஊரில் சொல்லக் கூச்சப்படுவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் இதையெல்லாம் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அப்புறம், உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை அவளிடம் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு மாறி வருகிற மாணவர்கள் எல்லோரும் கட்டாயம் பதில் எழுத வேண்டிய அந்தக் கேள்வி இருக்கிறதல்லவா? எடுக்கப்போகிற பாடத்துக்கு உன்னை எப்படித் தயார் செய்துகொண்டாய், மேல் வகுப்பில் தேறுவதற்கு என்ன கையிருப்பு வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்களாமே, 350 சொல்லுக்குள். அவள் அதை இரண்டு முறை படித்தாள். "ஏன் விட்டேன்னு கேக்கவே இல்லையாப்பா?" என்றாள். ஏன் மாறுகிறாய் என்று கேட்கிற தனியார் கல்லூரிகளும் அங்கே உண்டு என்று நீ எழுதியிருந்ததைச் சொன்னேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்கு, இடம் நிச்சயம் என்று முன்கூட்டியே உறுதி தருகிற உறுதிச் சேர்க்கை விண்ணப்பம் போடுவதா, பெர்க்லி வளாகத்தை மட்டும் நம்புவதா என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் என்ன கண்டேன்? ஆனால் கடைக்காரனாக ஒன்று சொல்கிறேன். உறுதி தருகிற ஆறு வளாகங்களில் ஒன்றுக்குத்தான் போட முடியும், அதற்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. பெர்க்லி அந்த ஆறில் இல்லை. டேவிஸுக்கு உறுதி வாங்கி வைத்துக்கொண்டாலும் பெர்க்லிக்குத் தனியாக விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை என்று நீதான் எழுதியிருக்கிறாய். பிறகு என்ன யோசனை? இன்றே போடச் சொல். கடைசி நாளில் சர்வர் எப்படிப் படுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும், அமெரிக்க சர்வரும் சர்வர்தானே. மற்ற விண்ணப்பத்துக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. அந்த 350 சொல்லை எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல். திருத்த இல்லை, அவள் படிக்க வேண்டுமாம்.

அவளும் ஒன்று எழுதி வைத்திருக்கிறாள். கடையில் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில், தமிழில். அதே கேள்விக்குப் பதில். நேற்று சொல் எண்ணிப் பார்த்தாளாம், 412 வந்ததாம், 62 சொல்லை எங்கே வெட்டுவது என்று கேட்கிறாள். படம் பிடித்து இதோடு அனுப்புகிறேன். உன் பையனால் தமிழ் படிக்க முடியாவிட்டால் நீயே உட்கார்ந்து படித்துக் காட்டு.

புளியை அடுத்த மாதம் வருகிற உன் மச்சான் கையில் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் அம்மா. ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்களா, விடுவார்களா என்று விசாரித்து எழுது. தங்கச்சியையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

உன்,
முனி