ஊரணிக் கரையில் காரைச் செடி வைக்கலாமா?

பேரூராட்சி மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நம் ஊரணிக் கரையில் பூங்கா அமைக்க மன்றம் தீர்மானித்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் வரைபடத்தைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி பாதியாகக் குறைந்தது. கரை நெடுகக் கொரியன் புல்லும், நடைபாதைக்குச் சிமெண்டுக் கல்லும், ஓரங்களில் குல்மோகர் என்னும் மயில்கொன்றையும் குறிக்கப்பட்டுள்ளன. இவற்றுக்குப் பதிலாக இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த செடிகொடிகளையும் மரங்களையும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

காரைச் செடி மண்டிக் கிடந்ததால்தான் காரைக்குடிக்கு அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்கள் உள்ள ஊர்களுள் இலுப்பைக்குடி, சூரைக்குடி என்ற இரண்டின் பெயரிலேயே இலுப்பை மரமும் சூரைச் செடியும் இருக்கின்றன. பழைய வீடுகளின் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடித் தரைக்கல்லையும் காப்பாற்ற வேண்டும் என்று இவ்வளவு பேசுகிற நாம், ஊர்களுக்குப் பெயர் கொடுத்த செடியை நம் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டத் தெரியாமல் நிற்கிறோம். காரை என்றால் சுவரில் பூசுவது என்றுதான் என் பேரன் நினைத்திருந்தான்.

நானும் முதலில் புல்தரைதான் போட்டேன். பணி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது, பின்கட்டுக்கு அப்பால் உள்ள தோட்டத்தில் புல்லும் ரோஜாவும் வைத்து, ஆழ்துளைக் கிணற்று நீரை இரண்டு வேளையும் பாய்ச்சினேன். எங்கள் கிணற்று நீர் சற்று உப்புக் கரிக்கும். சித்திரையில் ரோஜா இலைகளின் ஓரம் கருகியது. புல் திட்டுத்திட்டாகப் பழுத்தது. அதே வெயிலில், மதிலோரம் பறவை எச்சத்தில் விழுந்து தானாக முளைத்த ஒரு காரைச் செடி, யாரும் ஒரு குவளை நீர் ஊற்றாமலே நின்றிருந்தது. மழைக்குப் பின் அது பூத்துக் காய்த்தது. மஞ்சளாகப் பழுத்த பழங்களைத் தின்னக் கொண்டைக்குருவிகள் வந்தன. அந்தக் குருவிகளைப் பார்த்த பிறகுதான் புல்லைக் கொத்தி எடுத்தேன்.

அதன் பின் வைத்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது குருந்து. நமக்கு அருகில் உள்ள ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் தம் குருவைக் கண்டது குருந்த மரத்தடியில் என்பதை எல்லோரும் அறிவோம்; ஆனால் அந்த மரத்தின் இலையைக் கசக்கி முகர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர் இருப்பார்கள்? எலுமிச்சை வாசம் அப்படியே வரும். அந்த வாசத்துக்குத்தானோ என்னவோ, வண்ணத்துப்பூச்சிகள் அதன் தளிர்களைத் தேடி வந்து முட்டையிடுகின்றன. பொரித்து வரும் புழு முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும். எதிரிகளை ஏமாற்ற அது போடும் வேடம். வளர்ந்த பின் இலையின் பச்சையை எடுத்துக்கொள்ளும். விரலால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற இரண்டு கொம்புகளை நீட்டி, ஒரு காட்டமான நெடியையும் வீசும். என் பேரன் ஒரு விடுமுறைக் காலையை முழுவதுமாக அந்த ஒரு புழுவிடமே கழித்தான்; கைப்பேசியை எங்கே வைத்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை.

காயாவுக்குப் பொறுமை வேண்டும். ஆண்டுக்கு ஒரு சாண் வளர்ந்தால் பெரிது. ஆனால் நல்ல மழைக்குப் பின் ஒருநாள் காலையில், இலைக்காம்புகளின் அடியிலிருந்து கிளை முழுவதும் நீலப்பூ அப்பிக்கொண்டு நிற்கும்போது, பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று பாடியவர்களின் கண்ணுக்கு எது பட்டிருக்கும் என்பது புரிந்துவிடும். இந்தக் காயாவும் வீரையும் உலக்கைப்பாலையும் சேர்ந்து வளரும் உலர் பசுமைமாறாக் காடு இந்தியாவில் பெரும்பாலும் இந்தச் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நிலப்பகுதியில்தான் உண்டு. அதில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிஞ்சிய துண்டுகள் பல, அய்யனாருக்கு அஞ்சி யாரும் கை வைக்காத கோவில்காடுகளில்தான் இருக்கின்றன.

மயில்கொன்றை அழகான மரம்தான். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது என்பதற்காக அதை நான் வெறுக்கவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்து உள்நாட்டுக்குள் வந்தபோது, எங்கள் தெருவில் இருந்த இரண்டு மயில்கொன்றைகளும் வேரோடு சாய்ந்து மின்கம்பியின் மேல் விழுந்தன. எதிர்வீட்டுப் புங்கமரம் கிளைகளை இழந்தது, மரம் நின்றது. தையில் மறுபடி துளிர்த்தது. கடல் காற்று எட்டும் ஊர்களில் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காரைக்கும் சூரைக்கும் முள் உண்டு. ஆகவே அவற்றை வெளிவேலியோரம், கிளுவையோடு சேர்த்து வைக்கலாம். குழந்தைகள் விளையாடும் பக்கம் ஆவாரை, குருந்து, புங்கம் போதும். நீரை ஒட்டிய சரிவில் மருதும், நடுவில் ஓர் இலுப்பையும் வைக்கலாம். இலுப்பை நிழல் தரும் நாளை நான் பார்க்கப்போவதில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். விடியற்காலையில் அந்தப் பூ தரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி வாயில் போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் அந்தப் பழமொழியைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. செடி அடர்ந்தால் பாம்பு வரும் என்று மன்றத்தில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். ஊரணியில் தவளை இருக்கும்வரை பாம்பு வரத்தான் செய்யும், புல்தரை போட்டாலும் வரும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் கோரிக்கை. பூங்கா வேலைகள் பெரும்பாலும் நிதியாண்டு முடியும் மார்ச்சில் அவசரமாக முடிக்கப்பட்டு, கோடை தொடங்கும்போது கன்றுகள் நடப்படுகின்றன. பிறகு தண்ணீர் லாரி வரும், சில வாரங்களில் அதுவும் நின்றுவிடும். நமக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில்தான். மதில், நடைபாதை வேலைகளை எப்போது வேண்டுமானாலும் செய்யுங்கள். கன்றுகளை மட்டும் புரட்டாசியில் நட ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். நடைபாதையையும் சிமெண்டுக்குப் பதில் செம்மண் கப்பி போட்டு இறுக்கினால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும். ஊரணிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை மட்டும் தயவுசெய்து மூடிவிடாதீர்கள்.

கன்றுகளுக்கு அலைய வேண்டியதில்லை. கோவில்காட்டில் உதிர்ந்த விதைகளை, பூசாரியின் அனுமதியோடு பொறுக்கி வந்து நான் முளைக்க வைத்திருக்கிறேன். காரை நாற்பது, குருந்து பதினெட்டு, காயா ஆறு, இப்போது பைகளில் நிற்கின்றன. மன்றத்திலிருந்து யாராவது வந்து பார்த்தால் மகிழ்வேன்; காலை வேளையில் வந்தால் குருந்தில் புழுக்களையும் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஊரணிக்கு மேற்குத் தெருவில் குடியிருக்கும் ஒரு வரி செலுத்துபவர்