கண் சொட்டு மருந்தில் கலந்திருப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிடுங்கள்

இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

என் அம்மாவுக்கு 71 வயது. கண் பிரஷருக்காக ஒன்பது வருடமாகச் சொட்டு மருந்து போடுகிறார். காலையும் மாலையும் ஒன்று, இரவில் வேறொன்று. கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு கண்ணிலும் வருடத்துக்கு ஆயிரம் சொட்டுக்கு மேல். போன வருடத்திலிருந்து “கண்ணுல மண்ணு விழுந்த மாதிரியே இருக்குடி” என்று முந்தானையால் ஒற்றிக்கொண்டே இருந்தார். நோய் முற்றிவிட்டது என்று பயந்தோம். மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடுதான் காரணம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது.

அது சோப்பு மாதிரி வேலை செய்யும் பொருள். கிருமியை அழிக்கும், கூடவே கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தைக் கலைத்து, கருவிழியின் மேல் தோலையும் அரிக்கும். பத்து நாள் போடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆயுள் முழுக்கப் போடுகிறவர்கள் நிலை வேறு.

அதைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2023இல் சென்னை அருகே தயாரான, கிருமித்தடுப்பு சேர்க்காத கண் சொட்டு மருந்தோடு தொடர்புடைய தொற்றில் அமெரிக்காவில் நான்கு பேர் இறந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் கேட்பது, உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் படிக்கும்படி அச்சிடுங்கள் என்பதுதான்.

பெயரும் அளவும் லேபிளில் இருக்க வேண்டும் என்று மருந்து விதிகளே சொல்கின்றன. இருக்கிறது, எறும்பு அளவு ஆங்கில எழுத்தில். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் என்னாலேயே படிக்க முடிந்தது. பார்வை மங்கியவர்களுக்கென்றே விற்கும் மருந்து ஐயா இது! திறந்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற வரியும் அதே பொடி எழுத்தில்தான். குப்பி சின்னது, இடமில்லை என்பார்கள். சரி, அட்டைப்பெட்டியில் இடம் இருக்கிறதே? சிகரெட் பெட்டியில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைக்கு வாங்கிக் கொடுத்தது இதே அரசுதானே?

இப்போது அம்மாவுக்கு அந்தப் பொருள் இல்லாத மருந்து. எரிச்சல் அடங்கிவிட்டது. விலைதான் இரண்டு மடங்கு. அதை வாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? அரசு மருத்துவமனைகளிலும் அது கிடைக்க வழி செய்ய வேண்டும்.

அதற்கு நாளாகலாம். பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில், தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் அச்சிட வையுங்கள். “நீண்ட நாள் போடுபவர்கள் மருத்துவரைக் கேளுங்கள்” என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை முதலில் செய்யுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு மகள், திருச்சி