டி.டி.கே.யும் முந்திராவும்

அன்புள்ள வைத்தி,

இங்கு அனைவரும் நலம். சென்ற வாரம் ஒரு திருமணத்தில் மீசைக்காரரைப் பார்த்தேன். அந்த ரம்மிக் கணக்கை அவர் இன்னும் மறக்கவில்லை.

இனிச் சண்டைக்கு வருகிறேன். அன்றைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியை, அதாவது நம் டி.டி.கே.யைப் பலிகொடுத்துவிட்டார்கள் என்று நீ போகிறபோக்கில் எழுதிய வரி உறுத்திக்கொண்டே இருந்ததால், முந்திரா விவகாரத்தை மறுபடியும் தேடிப் படித்தேன்.

எல்.ஐ.சி. தோன்றி ஓராண்டுகூட நிறையாத 1957 ஜூனில், கல்கத்தா வணிகர் ஹரிதாஸ் முந்திராவின் ஆறு நிறுவனங்களின் பங்குகளை அது சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முதல் சம்பளத்திலேயே பாலிசி எடுத்த நம்மைப் போன்றவர்கள் கட்டும் பணத்தை, முதலீட்டுக் குழுவை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்தார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் செரிக்க முடியவில்லை.

அதை மக்களவையில் அம்பலப்படுத்தியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ரேபரேலியின் காங்கிரஸ் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. 371 இடங்களுடன் அமர்ந்திருந்த ஆட்சி கவிழும் பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அரசு ஆடிப்போயிற்று. காரணம், பம்பாய்த் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா 1958 ஜனவரியில் நடத்திய விசாரணை. அது மூடிய அறையில் நடக்கவில்லை. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியதாயிற்று. அமைச்சர் தாம் ஒப்புதல் தரவில்லை என்றதையும், நிதித்துறைச் செயலர் எச்.எம். பட்டேல் அமைச்சரின் ஒப்புதலுடன்தான் நடந்தது என்றதையும் ஊரே கேட்டது. செயலர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று சாக்ளா எழுதினார். 1957 டிசம்பரில் விவாதம், 1958 பிப்ரவரியில் டி.டி.கே.யின் பதவி விலகல். அந்த மாதம் 28-ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தை நேருவே படிக்க வேண்டியதாயிற்று.

டி.டி.கே. தம் பைக்குள் எதையும் போட்டுக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்கிறேன். செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தவர் போனதில் பெருமுதலாளிகள் அழுதிருக்க மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் பலியாடு 1962-இல் மீண்டும் அமைச்சராகி, 1963-இல் அதே நிதித்துறைக்குத் திரும்பி வந்ததே, ஐயா! பட்டேலோ 1977-இல் மொரார்ஜி அமைச்சரவையில் தாமே நிதியமைச்சரானார்.

விளையாட்டு போகட்டும், வைத்தி. தெரியாது என்ற பதிலை அன்று ஏற்றுக்கொண்டிருந்தால், அதன்பின் எந்த அமைச்சர்தான் தம் துறையில் நடப்பதைத் தெரிந்துகொள்ள விரும்பியிருப்பார்? டி.டி.கே.க்கு அந்தப் பதவி விலகல் கொடுமையாகவே இருந்திருக்கலாம். பணம் கட்டியவனுக்கு வேறு எந்த நியாயம் இருந்தது? இதற்கு மட்டும் பதில் எழுது, டி.டி.கே.யின் அறிவுக்கூர்மையைப் பற்றிய உன் வழக்கமான நான்கு பக்கங்கள் வேண்டாம்.

அன்புடன்,
கோபாலன்