பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்: இந்த ஆண்டுப் போட்டிகளும் உங்கள் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால் இது மதிப்பெண் பற்றிய கடிதம் இல்லை, பயப்படாமல் படியுங்கள். எட்டு முதல் பதினொன்று வரை படிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு மட்டும் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களை இந்த ஒரு வருடம் விட்டுவிடுகிறேன்.

போன வருடம் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளி ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாவில் வட்டார அளவில் முதலிடம் வாங்கினாள். மாவட்டப் போட்டிக்குச் சிவகங்கை போக வேண்டும். காலை ஏழரை மணிக்குப் பள்ளி வாசலில் வேன் நின்றது. ஆசிரியையும் மற்ற நான்கு பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு மணிக்கு அவள் தம்பி சைக்கிளில் வந்து, "அப்பா வேண்டாம்னுட்டாரு சார்" என்று சொல்லிவிட்டு இறங்காமலே திரும்பிப் போனான்.

அவள் அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அப்புறம் ஒருநாள் அவரைப் பார்த்துப் பேசினேன். எங்கே போகிறாள், கூட யார் போகிறார்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள் என்று நாங்கள் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி அனுப்பவில்லை. "நாளைக்குப் போட்டி" என்று பிள்ளை வாயாலேயே சொல்லி அனுப்பியதோடு சரி. பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பும் வீட்டுக்கு அது போதுமா? போதாது. தவறு எங்கள் பக்கம்தான். அதனால்தான் இந்த ஆண்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன்.

பணம் வருகிற தேர்வுகளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்பதும் அதைத்தான்.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வு. பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். என்று சொல்வார்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும், குடும்ப ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகாத பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு வருடத்தில் 48,000. ஒரு தாள் மனத்திறன், இன்னொன்று பாடம். பாடத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். மனத்திறன் பயிற்சி சனிக்கிழமை காலை நடக்கும். நம் பிள்ளைகள் கோட்டை விடுவது அங்கேதான். எண் வரிசையில் அடுத்த எண் எது, கண்ணாடியில் பார்த்தால் படம் எப்படித் தெரியும் என்பதெல்லாம் பழகினால் வந்துவிடும். பழகாவிட்டால் வகுப்பில் முதல் மாணவனே விழிப்பான்.

இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதுகூட முக்கியம். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். தேர்வில் ஜெயித்த பிள்ளைக்குப் பெயரில் இருந்த ஒரு புள்ளியால் பணம் வராமல் நின்று, அவன் அம்மா இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் நடையாய் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வருமானச் சான்றிதழையும் கடைசி வாரத்தில் தேட வேண்டாம்.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. வருடத்துக்கு 1,000 ரூபாய்தான் என்றாலும் பெரிய தேர்வுகளுக்கு நல்ல ஒத்திகை. பதினொன்றாம் வகுப்பில் ஒன்று. தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. மாநிலம் முழுக்க 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் மாதம் 1,500 ரூபாய் கொடுக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கேள்வி எல்லாம் அதிலிருந்துதான். முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு தனியாக உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேருக்கு, பட்டப்படிப்பு முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதில் பாதி இடம் மாணவிகளுக்கு. என்.டி.எஸ்.இ. என்ற தேசியத் திறனாய்வுத் தேர்வு பற்றி இன்னும் சிலர் கேட்கிறீர்கள். அது 2021-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதன் பெயரைச் சொல்லி யாராவது பயிற்சிக் கட்டணம் கேட்டால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சரி, பணக் கணக்கு போதும். எனக்குப் பிடித்தவற்றுக்கு வருகிறேன்.

தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடக்கிறது. நம் மாநிலத்தில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை ஒருங்கிணைக்கிறது. பெயர் மாநாடு என்றாலும் வேலை ஊருக்குள்தான். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து, தங்கள் தெருவில் உள்ள ஒரு பிரச்சினையை எடுத்து, சில மாதம் அளந்து, குறித்து வைத்து, தமிழிலேயே அறிக்கை எழுதிப் பேச வேண்டும். போன வருடம் இரண்டு மாணவிகள் எடுத்தது திருகு இல்லாத ஒரு தெருக் குழாயை. கையில் ஒரு கடிகாரம், பதினைந்து லிட்டர் பிளாஸ்டிக் குடம் ஒன்று. ஒழுகும் தண்ணீரில் குடம் நிறையப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அந்தத் தெருவில் தினமும் மூன்று மணி நேரம் தண்ணீர் வரும். அப்படியென்றால் பதினைந்து குடம், 225 லிட்டர், ஒரே குழாயில், ஒரே நாளில். இதை நோட்டில் தேதி போட்டு முப்பது நாள் எழுதி வைத்திருந்தார்கள். மழை பெய்த இரண்டு நாள் மட்டும் விட்டுப்போயிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

மாவட்ட அளவில் அவர்கள் தேர்வாகவில்லை. ஆனால் அந்தக் கணக்கையே மனுவாக எழுதி ஊராட்சியில் கொடுத்ததும் குழாய்க்குத் திருகு வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் மறுபடி காணாமல் போனது. ஏன் போகிறது, யார் கழற்றுகிறார்கள் என்பதுதான் இந்த ஆண்டு ஆய்வு என்று இருவரும் சொல்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சம்மதித்துவிட்டேன்.

இன்ஸ்பயர் விருது இன்னொன்று. பள்ளியிலிருந்து புதிய யோசனைகளை எழுதி அனுப்புவோம். தேர்வான யோசனைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருவார்கள். தயவுசெய்து யூடியூபைப் பார்த்துத் தெர்மோகோலில் எரிமலை செய்து கொடுத்தனுப்பாதீர்கள். பள்ளியில் ஏற்கெனவே நான்கு எரிமலை இருக்கிறது. வீட்டில் உங்களுக்குத் தினமும் கஷ்டம் கொடுக்கும் வேலை எது என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். யோசனை அங்கிருந்து வரட்டும்.

ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்: இஸ்ரோவின் யுவிகா. 2019-இல் தொடங்கியது. கோடை விடுமுறையில் இரண்டு வாரம் இஸ்ரோ மையம் ஒன்றில் தங்கி, விஞ்ஞானிகளிடம் பாடம் கேட்டு, ஆய்வுக்கூடம் பார்க்கலாம். செலவு முழுக்க அவர்களுடையது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, சாரணர் போன்றவற்றில் கலந்துகொண்டதற்கும் மதிப்பெண் உண்டு. கிராமப்புறப் பள்ளி என்பதற்கும் தனி மதிப்பெண் தருகிறார்கள். ஊர்ப் பள்ளியில் படிக்கிறான் என்று வருத்தப்படும் பெற்றோர் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

கலைத் திருவிழாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இதெல்லாம் சோறு போடுமா சார்" என்று அதிகம் கேட்கப்படுவது இதற்குத்தான். நம் பள்ளியில் கடைசி பெஞ்ச் பையன் ஒருவன் இருக்கிறான். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். மானாமதுரையில் தாத்தா வீட்டில் மண் மிதித்து வளர்ந்தவன். கடம் செய்கிற ஊரில் வளர்ந்த கைக்குக் களிமண் சிற்பப் போட்டி என்ன பெரிய விஷயம்? மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தான். நான் சொல்ல வந்தது அந்தச் சான்றிதழை அல்ல. பிறகு தொன்மை மன்றத்துப் பிள்ளைகளை கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனோம். எல்லோரும் 'ஆதன்' என்று எழுத்து கீறிய பானை ஓட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, இவன் வேறு ஒரு ஓட்டின் முன்னால் நின்றுகொண்டு, "உள்பக்கம் விரல் கோடு ஓடுது பாருங்க சார், இது சக்கரத்துல வனைஞ்சது" என்றான். சுற்றி நின்ற பிள்ளைகள் அவனிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அரை மணி நேரம் அவன்தான் அன்றைக்கு ஆசிரியர். வரலாற்றுப் பாடத்தில் அவன் மதிப்பெண் பெரிதாக ஏறிவிடவில்லை. ஆனால் இப்போது இரண்டாவது பெஞ்சில் உட்காருகிறான்.

பரிசே இல்லாத ஒன்றும் உண்டு. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு. ஓர் இடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்ட பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர்க் கண்மாயிலும் எண்ணுவோம், ஒருநாள் வேட்டங்குடி சரணாலயத்துக்கும் போவோம். அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் அந்த ஊர்ப் பெரியவர்களிடமே அதைக் கேட்கட்டும். போன தடவை போகும்போது வெள்ளையாகப் பறப்பதெல்லாம் கொக்கு. திரும்பும்போது, கறுப்பு அலகும் மஞ்சள் கால்விரலும் இருந்தால் சின்னக் கொக்கு, அலகே மஞ்சளாக இருந்தால் உண்ணிக்கொக்கு என்று பேருந்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் மாவட்டப் பேச்சுப் போட்டிகளுக்கு 5,000, 3,000, 2,000 என்று பரிசு. திருக்குறள் முற்றோதலுக்குத் தனிப் பரிசு உண்டு. 1,330 குறளும் சொல்ல வேண்டும், அதனால் இன்றே ஆரம்பித்தால்தான் முடியும். விளையாட்டுப் போட்டிகள் பற்றி உடற்கல்வி ஆசிரியர் தனியாக எழுதுவார். அஞ்சல் துறை ஆண்டுதோறும் கையெழுத்துக் கடிதப் போட்டி நடத்துகிறது. இன்லேண்ட் லெட்டரில் 500 சொல்லுக்குள், தமிழிலேயே எழுதலாம், மாநில அளவில் முதல் பரிசு 25,000 ரூபாய். பரிசு கிடக்கட்டும், அனுப்புநர் முகவரியை எங்கே எழுதுவது என்று தெரியாத பதினைந்து வயதுப் பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர். இந்தப் போட்டிக்கு எல்லோரையும் உட்கார வைக்கப் போகிறேன்.

இனி ஒரு எச்சரிக்கை. 'ஒலிம்பியாட்' என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு தேர்வு வைத்து, எழுதிய எல்லோருக்கும் மெடல் கொடுக்கும் தனியார் தேர்வுகள் நிறைய வந்துவிட்டன. பயிற்சி என்று நினைத்து எழுதினால் கெடுதல் இல்லை. ஆனால் அதற்கும் உலக ஒலிம்பியாடுக்கும் சம்பந்தமில்லை. உலகக் கணித ஒலிம்பியாட் 1959-இல் ருமேனியாவில் தொடங்கியது. இந்தியாவிலிருந்து அதற்குப் போகும் அணியை மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் வழியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் படி ஐ.ஓ.க்யூ.எம். என்ற தகுதித் தேர்வு. மூன்று மணி நேரத்தில் முப்பது கணக்கு. நான்கு விடையில் ஒன்றை டிக் அடிக்கும் வேலை இல்லை, விடையை நாமே கண்டுபிடித்து எழுத வேண்டும். படிப்படியாக வடிகட்டி முடிவில் நாடு முழுவதிலுமிருந்து ஆறே பேர். நம் பள்ளியிலிருந்து ஒருவர்கூட முதல் படியைத் தாண்டாமல் போகலாம். அந்த முப்பதில் இரண்டு கணக்கோடு ஒரு வாரம் மல்லுக்கட்டிய பையனுக்கு மெடல் எதுவும் வராது, ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய மெடலைவிட அந்த ஒரு வாரத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்புப் பெற்றோரின் கவலை எனக்குப் புரிகிறது. டிசம்பருக்குப் பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எந்தப் போட்டிக்கும் கூப்பிட மாட்டோம். அதுவரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை கேட்கிறேன். டியூஷன் ஆசிரியரிடம் நானே பேச வேண்டுமென்றால் பேசுகிறேன்.

வெளியூர்ப் பயணத்துக்கு இனி நடைமுறை இப்படித்தான். மூன்று நாள் முன்பே சீட்டு வரும். எங்கே, எதற்கு, எந்த வண்டி, கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், கூட வரும் ஆசிரியரின் கைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். மாணவி ஒருவர் போனாலும் ஆசிரியை ஒருவர் கட்டாயம் போவார். வண்டிச் செலவு பள்ளியுடையது, மதியச் சாப்பாடும் வாங்கிக் கொடுப்போம். இருட்டிவிட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவோம். பெற்றோரில் ஒருவர் கூட வர விரும்பினால் வேனில் இடம் இருக்கும்.

இதோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று பிள்ளையே நிரப்பட்டும். கீழே உங்கள் கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்துசேர வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கைரேகை வைத்தால் போதும், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். வேண்டாம் என்றாலும் 'வேண்டாம்' என்று எழுதிக் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள், வந்து பேசுகிறேன். உங்களுக்குப் பதிலாகப் பிள்ளையையே கையெழுத்துப் போடச் சொல்லாதீர்கள். எங்கள் வகுப்பாசிரியர்களுக்கு உங்கள் எல்லோருடைய கையெழுத்தும் அத்துப்படி.

அன்புடன்,
தலைமையாசிரியர்