ரெட்வுட் காட்டில் டயர் மாற்றித் தந்த பெரியவருக்கு நன்றி

வட கலிபோர்னியாவில், பிரெய்ரி கிரீக் ரெட்வுட் காட்டுக்குள் எங்கள் கார் டயர் பஞ்சரானது. கொட்டும் மழை, போனில் சிக்னல் இல்லை, பின் சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். பிக்கப் வண்டியில் வந்த ஒரு பெரியவர் கேட்காமலே நிறுத்தினார். வீல் நட்டு இறுகிக் கிடந்தது. அவருடைய நீளமான ஸ்பேனருக்குத்தான் அசைந்தது. ஸ்டெப்னி மாட்டுவதற்குள் முழுக்க நனைந்துவிட்டார்.

அப்புறமும் கிளம்பவில்லை. 300 அடிக்கு மேல் வளரும் இந்த மரங்களுக்கு ஆணிவேரே கிடையாது, வேர்கள் பக்கவாட்டில் பரவிப் பின்னிக்கொள்ளும், மழையில்லாத கோடையில் கடல் மூடுபனிதான் ஈரம் தரும் என்று என் மகளுக்குப் பொறுமையாகச் சொன்னார். அவள் வழியெல்லாம் அதையே பேசினாள்.

பணம் வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. கிரசென்ட் சிட்டியில் டயர் கடை வரை பின்னாலேயே வந்தார். ஐயா, நீங்கள் நல்லா இருக்கணும். எங்கள் எல்லோருடைய மனமார்ந்த நன்றி.